பாறையில் ஒரு கூடாரம் – 9: வீட்டில் காத்திருப்பவர்

மகள் போனில் "நான் வரலைம்மா" என்று சொன்னதோடு போன வாரம் கதை நின்றது. கதைதான் நின்றது, அம்மா நிற்கவில்லை. "அந்த அம்மாவை இனிமேல் வீட்டிலேயே உட்கார வைத்துவிடாதீர்கள்" என்று ஒரு வாசகி எழுதியிருக்கிறார். உட்கார வைக்க நான் யார்? அவளைப் பெற்றவர்களாலேயே முடியாத காரியம் அது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. அவளுக்கு ஐம்பத்து மூன்று வயது. கூடாரம் தைக்கும் பட்டறையில் இருபத்து மூன்று வருடமாக மெஷின் ஓட்டுகிறாள். கூடாரக்காரி என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள். அவள் தைத்த கூடாரங்களில் எத்தனையோ பேர் படுத்து எழுந்திருக்கிறார்கள். அவள் ஒரு ராத்திரிகூடப் படுத்ததில்லை. தைத்து முடித்ததும் அவளை உள்ளே உட்கார வைத்து வெளியிலிருந்து குழாயால் தண்ணீர் பீய்ச்சுவார்கள். எந்தத் தையலில் ஒழுகுகிறது என்று அவள் உள்ளேயிருந்து கத்த வேண்டும். கூடாரத்துக்குள் அவள் வாழ்ந்த வாழ்க்கை அவ்வளவுதான்.

நகரத்திலிருந்து ஆறு மணி நேரப் பயணத்தில் பாறையும் முட்புதரும் பள்ளமுமாக ஒரு பொது நிலம் கிடக்கிறது. கடை கிடையாது, விளக்கு கிடையாது, போன் எடுக்காது. வருடத்துக்கு நாற்பது குழுக்களை மட்டும் குலுக்கல் போட்டு உள்ளே விடுகிறார்கள். நாலு வருடமாக மனுப் போட்டவளுக்கு இந்த வருடம் இடம் விழுந்தது. மூன்று இரவு, நாலு பகல். பூர்த்தி செய்த படிவத்தை இன்று மாலை நாலு மணிக்குள் நில அலுவலகத்தில் கொடுக்காவிட்டால் அந்த இடம் அடுத்த பெயருக்குப் போய்விடும்.

அந்தப் படிவம் இப்போது சாப்பாட்டு மேசையில், டீ டம்ளருக்கு அடியில் இருக்கிறது. இரண்டு கட்டங்கள் காலி. ஒன்று 'உடன் செல்பவர்'. தனி ஆளை உள்ளே விடமாட்டார்கள். மகள் பெயர் எழுதியிருந்த அந்த இடத்தில் இப்போது ஒரு கோடு. மற்றொன்று 'வீட்டில் காத்திருப்பவர்'. நாலாம் நாள் மாலை ஆறு மணிக்குள் போனவர்கள் வெளியே வந்து போன் செய்யாவிட்டால், அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும்.

அவள் கணவர் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த பஸ் எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்குத் திரும்பியது என்று எழுதுவது அவர் வேலை. மகளைப் போனில் பிடித்து, "உங்கம்மாவுக்கு முட்டி வீங்கியிருக்கு, நீ போனா அவளும் போவா" என்று பேசி மனத்தைக் கலைத்தவரும் அவரே. அது இவளுக்குத் தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரியும். இரண்டு நாளாக வீட்டில் உப்பு எங்கே, சாவி எங்கே என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

"கடைசியா கேக்குறேன். கையெழுத்துப் போடுவீங்களா, மாட்டீங்களா?"

"மாட்டேன்."

"காரணம்?"

"போன மாசம் கால் வலிக்குதுன்னு அழுதது யாரு?"

"வலிக்குதுன்னுதான் அழுதேன். கால் இல்லைன்னு அழலையே."

அவர் இஸ்திரிப் பெட்டியைச் சட்டைக் காலரில் அழுத்தினார். "டாக்டர் என்ன சொன்னாரு?"

"நடக்கணும்னாரு. எட்டு கிலோவுக்கு மேல தூக்காதீங்கன்னாரு. அதுக்குத்தானே ரெண்டு வாரமா எடை பார்த்துப் பார்த்து சாகுறேன்."

அது உண்மை. பையை எட்டு கிலோவுக்குள் அடக்க அவள் பட்ட பாடு சொல்லி மாளாது. பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடியை ரம்பத்தால் பாதியாக அறுத்தாள். துண்டைக் கால்வாசியாக வெட்டினாள். ஆத்திரத்தில் அவருடைய சீப்பையும் அறுத்துவிட்டாள். அதைப் பற்றி அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. பாதிச் சீப்பால்தான் தலை வாரிக்கொண்டு போகிறார். அப்படியும் தராசு முள் எட்டே முக்காலுக்குக் கீழே இறங்க மறுக்கிறது.

"சரி, எட்டு கிலோன்னே வெச்சுக்க. ஆள்? ரெண்டு பேர் இல்லாம விடமாட்டாங்க. அது நான் போட்ட சட்டம் இல்லை." அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதைக் கேட்டதும் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

"அது பொது நிலம்தானே?"

"அதுக்கென்ன?"

"பொதுன்னா அதுல எனக்கும் பங்கு இருக்கு. ஐம்பத்து மூணு வருஷமா என் பங்கை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இந்தத் தடவை பார்த்துட்டுதான் மறு வேலை."

அவர் சட்டையை மாட்டிக்கொண்டார். பொத்தான் போடும்போது அவளைப் பார்க்கவில்லை. "நாலு மணிக்கு எல்லாம் தானா முடிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார்.

அவள் டம்ளரை நகர்த்திவிட்டு படிவத்தை எடுத்தாள். டீக்கறை வட்டமாகப் படிந்திருந்தது. புடவைத் தலைப்பால் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

*

பட்டறையில் காலை முழுவதும் மெஷின் ஓடியதே தவிர, மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. யாரைக் கேட்பது? பக்கத்து மெஷின்காரிக்குக் கைக்குழந்தை. எதிர்வீட்டு நர்ஸுக்குப் பாம்பென்றால் படத்தில் பார்த்தாலே மயக்கம். தெரிந்த பெயர்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒவ்வொன்றாகக் கீழே வைத்தாள். கடைசியில், கூட வராவிட்டாலும் காத்திருப்பவராகக் கையெழுத்தாவது போடக்கூடிய ஒரு பெயர் மிஞ்சியது. தன் கணவரின் பேச்சை அவர் பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடக் கேட்காத ஒரே ஜீவன்.

நாத்தனார். அவருடைய அக்கா.

இவளுக்கும் அவளுக்கும் மூன்று வருடமாகப் பேச்சில்லை. மகள் கல்யாணத்தில் குடும்பப் போட்டோ எடுக்கும்போது நாத்தனாரை மேடைக்குக் கூப்பிட மறந்துவிட்டாள். மறந்துதான் போனாள், சத்தியமாக. ஆனால் நாத்தனார் அன்று சாப்பிடாமல் கிளம்பிப் போனவள்தான். அதற்குப் பிறகு வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அரை நாள் லீவு சொல்லிவிட்டு கூடாரக்காரி ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள். நாத்தனாருக்கு அங்கே எக்ஸ்ரே எடுக்கும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஐம்பத்தெட்டு வயதிலும் நோயாளிகளைத் தானே தூக்கிப் படுக்க வைப்பாள். அவளிடம் எக்ஸ்ரே எடுக்க வருகிறவர்கள் எலும்பு உடைந்ததை மறந்து அவள் அதட்டலுக்குப் பயப்படுவார்கள்.

மணி ஒன்றேகால். வரிசையில் கடைசியாக உட்கார்ந்தாள். கையில் வலியுள்ள ஒருவர் போனார், இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒருவர் போனார். கதவு திறந்தது.

"அடுத்தது யாரு?" என்று தலையை நீட்டிய நாத்தனாரின் முகம் அப்படியே நின்றது.

"நான்தான் அண்ணி."

"டாக்டர் சீட்டு?"

"சீட்டு இல்லை."

"எங்க வலி?"

"வலியும் இல்லை. ஒரு கையெழுத்து வேணும்."

நாத்தனார் நடைபாதையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தாள். யாரும் இல்லை. "உள்ள வா. சாப்பாட்டு நேரம் பத்து நிமிஷம்தான் இருக்கு. போட்டோ விஷயமா அழ வந்திருந்தா இப்பவே திரும்பிடு."

"அழ வரலை. ஆனா அன்னிக்கு நான் பண்ணது தப்பு. மேடையில நின்னு எண்ணும்போது ஒரு ஆள் குறையுதுன்னு தோணுச்சு, யாருன்னு தெரியலை. தெரிஞ்சப்போ நீங்க பஸ் ஏறிட்டீங்க. மூணு வருஷமா உங்க வீட்டு வாசலுக்கு வராம இருந்தது அதைவிடப் பெரிய தப்பு. அது வீம்பு."

"வீம்புன்னு தெரியுதுல்ல?" நாத்தனார் டிபன் டப்பாவைத் திறந்து ரொட்டித் துண்டு ஒன்றை எடுத்துப் பாதியைப் பிய்த்து நீட்டினாள். "எனக்கும் அதேதான். சாப்பிட்டுக்கிட்டே சொல்லு."

அவள் சொன்னாள். நிலம், குலுக்கல், மகள், கணவர், நாலு மணி. எல்லாவற்றையும் ஒரே மூச்சில். நாத்தனார் படிவத்தை வாங்கி, அதோடு குத்தியிருந்த பொருள் பட்டியலையும் வரைபடத்தையும் எக்ஸ்ரே பார்க்கும் வெளிச்சப் பலகைக்குப் பக்கத்தில் பிடித்துப் படித்தாள். படிக்கும்போது உதடு அசைந்தது.

"இரும்பு முளை பதினாலு. இது எதுக்கு?"

"கூடாரத்தைத் தரையோட பிடிச்சு நிறுத்த. சுத்திவர அடிக்கணும்."

"எதுல அடிப்ப?"

"தரையிலதான்."

நாத்தனார் வரைபடத்தை அவள் மூக்குக்கு நேராகப் பிடித்தாள். "இங்க பாரு. பாறை, பாறை, சரிவுப் பாறை, மறுபடியும் பாறை. மூணு ராத்திரி தங்குற இடமும் பாறை. இதுல எங்க முளை அடிப்ப?"

கூடாரக்காரி வரைபடத்தை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள். இருபத்து மூன்று வருடமாக ஒவ்வொரு கூடாரத்தின் அடியிலும் முளை மாட்டுவதற்குப் பதினாலு வளையம் தைக்கிறாள். ஊசி எட்டுத் தடவை போய் வரும் உறுதியான தையல். அந்த முளை எதில் இறங்கும் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

"வீட்டு ஹால்ல கட்டிப் பார்த்தேன் அண்ணி. நல்லா நின்னுச்சு."

"ஹால்ல முளை அடிச்சியா?"

"இல்லை. பீரோவை ஹால் நடுவுக்குத் தள்ளி வெச்சு, அதோட காலுலயும் சோபா காலுலயும் கட்டினேன்."

"அங்க உனக்காக பீரோ போட்டு வெச்சிருப்பாங்களா?"

முதலில் சிரித்தது யார் என்று தெரியவில்லை. இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கூடாரக்காரிக்குச் சிரிப்பினூடே புத்தி வேலை செய்யத் தொடங்கிவிட்டது. தையற்காரியின் புத்தி.

"முளையே வேணாம். வளையத்துல நீளக் கயிறு கோத்து, பெரிய கல்லாப் பார்த்துச் சுத்திக் கட்டிட்டா போச்சு. பீரோவுக்குப் பதிலா கல்லு. ஐயோ அண்ணி, பதினாலு முளையும் ஒண்ணேகால் கிலோ இருக்கும், கயிறு கால் கிலோகூட வராது. பை எட்டுக்குள்ள வந்துடும்!"

"வந்துடும்ல? அப்புறம் என்ன? பேனா குடு."

நாத்தனார் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, படிவத்தை மேசையில் வைத்து, பெரிய எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். அவள் எந்தக் கட்டத்தில் போடுகிறாள் என்பதைக் கூடாரக்காரி போட்டு முடித்த பிறகுதான் பார்த்தாள்.

"அண்ணி, நான் காத்திருப்பவர் இடத்துக்குத்தான் கேட்டேன், கூட வர இனிமேதான் ஆள் தேடணும்னு இருந்தேன். நீங்க உடன் செல்பவர்ல போட்டிருக்கீங்க."

"எனக்குப் படிக்கத் தெரியும்."

"நீங்க வர்றீங்களா?"

"முளை அடிக்கத் தெரியாதவளைத் தனியா விட்டா காத்துல பறந்து போயிடுவ. முப்பத்தாறு வருஷமா ஜன்னல் இல்லாத இந்த ரூம்ல நிக்கிறேன். எனக்கும் அந்த நிலத்துல பங்கு இருக்குல்ல?" நாத்தனார் டப்பாவை மூடினாள். "என் தம்பி வேணாம்னு சொன்னான்னு சொன்னியே, அதுக்காகவே வர்றேன்."

கூடாரக்காரிக்கு அழுகை வந்தது. அழ வரவில்லை என்று முன்பே சொல்லிவிட்டதால் அடக்கிக்கொண்டாள். பிறகுதான் அடுத்த விஷயம் உறைத்தது.

"அப்போ வீட்டுல காத்திருக்கப் போறது யாரு?"

"வேற யாரு இருக்கா? அவன்தான்." நாத்தனார் வெள்ளைக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "மத்தியானம் லீவு சொல்லிடறேன். வா, டிப்போவுக்கு."

*

மூன்று பத்துக்கு டிப்போவில் இருந்தார்கள். டைம் கீப்பர் கண்ணாடி அறைக்குள் பெரிய ரெஜிஸ்டரின் முன் உட்கார்ந்திருந்தார். பஸ் எண், கிளம்பிய நேரம், வந்த நேரம். தாமதமென்றால் சிவப்புப் பேனா. மனைவியைப் பார்த்ததும் எரிச்சல்பட்ட முகம், அவள் பின்னால் அக்காவைப் பார்த்ததும் வெளிறியது.

"அக்கா? நீ எங்க இங்க?"

"உன் பெண்டாட்டியோட பாறைக்குப் போறேன். நீ வீட்டுல இருக்கப் போற. இங்க கையெழுத்துப் போடு."

கண்ணாடியில் இருந்த அரைவட்டத் துவாரம் வழியாகப் படிவம் உள்ளே போனது. அவர் படித்தார். பிறகு அதே துவாரம் வழியாகத் திருப்பித் தள்ளினார்.

"முடியாது."

"ஏன்டா?"

"முடியாதுன்னா விடேன்க்கா." அவர் ரெஜிஸ்டரில் விரலை வைத்தார். "உங்களுக்கு இது வெறும் கையெழுத்து. எனக்கு அப்படி இல்லை. ஆறு வருஷம் முன்னாடி ஒரு மழை நாள் மத்தியானம் ஒரு வண்டி திரும்பி வரலை. மலைப்பாதை வண்டி. போன் இல்லை, தகவல் இல்லை. வந்த நேரம்ங்கிற கட்டம் அஞ்சு மணி நேரம் காலியா இருந்தது. கடைசியில வண்டி சேத்துல மாட்டியிருந்தது, அவ்வளவுதான், யாருக்கும் ஒண்ணும் ஆகலை. ஆனா அந்த அஞ்சு மணி நேரம் அந்தக் கட்டத்தையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தது நான். இப்போ நாலு நாள் உட்காரச் சொல்றீங்க."

கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் அவர் தன் பயத்தைப் பற்றி இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை.

கூடாரக்காரிக்கு மனம் இளகியது. இளகியதை வைத்து அவர் ஜெயித்துவிடுவார் என்ற பயமும் கூடவே வந்தது. இளகி இளகித்தானே இத்தனை வருடம் போயிற்று?

"அன்னிக்கு எழுந்து வீட்டுக்கு வந்துட்டீங்களா?" என்று கேட்டாள்.

"எப்படி வருவேன்? வண்டி வெளியில இருக்கும்போது?"

"அந்த டிரைவர் உங்களுக்கு மாமனா, மச்சானா?"

"இல்லை."

"அவருக்காக அஞ்சு மணி நேரம் உட்கார்ந்தீங்க. எனக்காக உட்காரமாட்டீங்களா?"

ஒரு பஸ் உள்ளே வந்தது. அவர் கை தானாக மணி பார்த்து எழுதியது.

"உங்களுக்குப் பயமா இருக்குன்னா இருக்கட்டும்ங்க. எனக்கும் இருக்கு. உங்க பயத்துக்கு நீங்க உட்காருங்க, நான் ஏன் உட்காரணும்? ஞாயித்துக்கிழமை காலை ஆறு மணிக்கு நான் கிளம்புறேன். கையெழுத்துப் போட்டா அனுமதியோட. போடலைன்னா அனுமதி இல்லாம. அந்த நிலத்துக்கு வேலி கிடையாது. அப்படிப் போனா நான் எந்த ரெஜிஸ்டர்லயும் இருக்கமாட்டேன்."

கடைசி வாக்கியம் எங்கே தைக்க வேண்டுமோ அங்கே தைத்தது. ரெஜிஸ்டரில் இல்லாமல் ஒரு வண்டி வெளியே போவதை அந்த மனிதரால் கற்பனைகூடச் செய்ய முடியாது.

அவர் துவாரத்துக்குள் கையை விட்டுப் படிவத்தை இழுத்தார். முதுகைத் திருப்பிக்கொண்டு எழுதினார். ஒரு கையெழுத்துக்கு ஆகும் நேரத்தைவிட அதிக நேரம் எழுதினார். நாலாக மடித்துத் தள்ளினார்.

"மூணு இருபதுக்கு நாலாம் நம்பர் கிளம்புது. அதை விட்டா அடுத்தது மூணு ஐம்பது. நிக்காதீங்க, ஓடுங்க."

ஓடினார்கள். வீங்கிய முட்டியோடு அவள்தான் முன்னால் ஓடினாள்.

*

நில அலுவலகத்தில் ஒரே ஒரு கவுண்டர். கொண்டையில் பென்சில் செருகிய இளம்பெண் ஒருத்தி படிவத்தைப் பிரித்து, டீக்கறையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தி, வரி வரியாகச் சரிபார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் மூன்று ஐம்பது.

"உடன் செல்பவர், கணவரின் அக்கா. சரி. காத்திருப்பவர், கணவர். சரி." பேனா ஒரு வரியில் நின்றது. "காத்திருப்பவர் அந்த நாலு நாளும் இருக்கும் இடம்னு ஒரு கேள்வி இருக்கு. எல்லாரும் வீட்டு முகவரிதான் எழுதுவாங்க. இவர் வேற எழுதியிருக்காரே."

"என்ன எழுதியிருக்காரு?" இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"'நிலத்தின் நுழைவுச் சாவடி, வெளிப்புற பெஞ்ச். நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொள்கிறேன்.'"

மகள் கல்யாணத்தன்று தவிர, பதினோரு வருடமாக ஒரு நாள் லீவு எடுக்காதவர் அவர். ஜுரத்தோடு டிப்போவுக்குப் போனவர்.

"இது செல்லாதாம்மா?" என்று கூடாரக்காரி கேட்டாள்.

"செல்லாதுன்னு எங்கயும் இல்லை. பெஞ்ச் எல்லாருக்கும் பொதுதான்." அந்தப் பெண் முத்திரையை எடுத்து மையில் ஒற்றி ஓங்கிக் குத்தினாள். "உள்ள போன குப்பை அத்தனையும் உங்க பையிலயே திரும்பி வரணும். மூணு ஓடையில நடு ஓடை வத்தியிருக்கு, தண்ணி முதல்லயே பிடிச்சுக்குங்க. போயிட்டு வாங்க."

வெளியே படியில் வந்து நின்றார்கள். அனுமதிச் சீட்டை அவள் இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். நாலு வருடம் மனுப் போட்டு வாங்கிய சீட்டு. எடையே இல்லை.

"நாலு நாளும் அந்த பெஞ்சுலயே உட்காருவானா?" என்றாள் நாத்தனார். "அதை நினைச்சு நினைச்சே நாம சீக்கிரம் திரும்பிடுவோம்னு கணக்குப் போட்டிருப்பான், பார்த்துக்க."

கூடாரக்காரி அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தாள். அவர் செய்தது அன்பா, புதுத் தந்திரமா? இரண்டுமாகத்தான் இருக்கும். அவரை அவளுக்குத் தெரியாதா?

"உன் வீட்டுல கயிறு இருக்கா?" என்று நாத்தனார் கேட்டாள். "இல்லைன்னா வழியில வாங்கிக்கலாம். இன்னிக்கே உன் வீட்டுக்கு வந்து பதினாலு வளையத்துலயும் கோத்துப் பார்த்துடணும். பீரோவை வேற திரும்ப அதே இடத்துல தள்ளி வைக்கணும்ல?"

மூன்று வருடத்துக்குப் பிறகு அவள் வீட்டு வாசலை மிதிக்கப் போகிறாள். அதைப் பெரிது பண்ணாமல் இரண்டு பேரும் பஸ் வருகிறதா என்று தெருவைப் பார்த்தார்கள்.

போன் அடித்தது. அவர்தான்.

"முத்திரை போட்டாச்சா?"

"போட்டாச்சு."

"எத்தனை மணிக்கு?"

"மூணு ஐம்பத்து மூணு."

"எழுதிக்கிட்டேன்."

"இன்னொண்ணும் எழுதிக்குங்க" என்றாள் அவள். "பெஞ்சுல தாராளமா உட்காருங்க, ரொட்டிகூடக் கட்டித் தர்றேன். ஆனா நாலாம் நாள் சாயங்காலம் ஆறு மணிக்கு முன்னாடி என்னைத் தேடிக்கிட்டு ஒரு அடி உள்ள வெச்சீங்க, அஞ்சாம் நாளும் நான் அங்கேயேதான் இருப்பேன்."